கடன் சுமையும் ஊர் வானொலியும்

வானொலி நிலையமொன்றை நடத்துதற்கு வேண்டுவன சிலவே. ஒரு கோபுரம், ஒலிபரப்பும் பொறி, மின்சாரம், அரசினர் வழங்கும் அனுமதிப் பத்திரம் என்னும் இவை அமைந்தால் ஒலி எழும். ஆயின் அவ்வொலியை ஓர் ஊரின் ஒலியாக்குவது பொறியன்று. அவ்வூரிலேயே வாழும் அறிவிப்பாளனும் செய்தி திரட்டுவோனுமே அதனைச் செய்வோர். புயலில் எத்தெருவில் மரம் வீழ்ந்தது, பள்ளிக்கூடம் நாளை நடைபெறுமா என்பவற்றை ஆயிரம் கல் தொலைவிலிருப்பவன் எங்ஙனம் அறிவான்? ஐக்கிய அமெரிக்காவின் ஊர் நிலையங்கள் கடந்த முப்பதாண்டு காலத்தில் இவ்வியல்பை எவ்வாறு இழந்தன என்பதையும், அவ்விழப்பிற் கடனுக்குரிய பங்கு யாதென்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

1996 ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் ஒருவர் 40 நிலையங்களுக்கு மேல் உடைமையாகக் கொள்ளுதல் ஆகாதென்று விதி இருந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் நாடளாவிய அவ்வெல்லையை முற்றாக நீக்கியது. பெருநகரொன்றில் எட்டு நிலையங்கள் வரை ஒருவரே வைத்திருக்கவும் இடந்தந்தது. டெக்சாஸ் மாகாணத்துச் சன் அன்ரோனியோ நகரிலே 1972 இல் தோன்றிய கிளியர் சனல் என்னும் கொம்பனி சில ஆண்டுகளுள் 1,200 அளவிலான நிலையங்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. இவ்வளவும் கடன் பட்டும் பங்கு கொடுத்தும் வாங்கப்பட்டனவே. எனினும் உண்மையான சுமை பின்னரே வந்தது.

2006 இல் பெயின் கப்பிற்றல், தோமஸ் எச். லீ பாட்னர்ஸ் என்னும் இரு முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சனலை வாங்க உடன்பட்டன. 2008 யூலையில் விற்பனை நிறைவேறியது. பழைய கடனையுஞ் சேர்த்து அதன் மதிப்பு ஏறக்குறைய 2,400 கோடி டொலர். அவ்விற்பனை நடந்த முறையை நம்மவர் எளிதில் விளங்கிக்கொள்வர். ஒருவன் ஒரு தென்னந்தோட்டத்தை வாங்க விரும்புகின்றான். கையிலுள்ளது சிறு தொகை. எஞ்சியதை, தான் வாங்கவிருக்கும் அத்தோட்டத்தையே ஈடுகாட்டிக் கடனாகப் பெறுகின்றான். கடன் அவன் தலைமீதன்று, தோட்டத்தின் தலைமீதே எழுதப்படுகின்றது. தோட்டத்துத் தேங்காயே வட்டியைச் செலுத்தல் வேண்டும். இங்ஙனமே ஏறக்குறைய 2,000 கோடி டொலர்க் கடன் வானொலிக் கொம்பனியின் கணக்கில் ஏறியது. வட்டி மட்டும் ஆண்டொன்றுக்கு 150 கோடி டொலர் அளவிலும் அதற்கு மேலும் சென்றது.

கடனில்லாத முதலாளிக்கு மோசமான ஆண்டு வந்தால் அவன் இலாபமின்றி அவ்வாண்டைக் கழிப்பான். கடன்பட்டவனுக்கு அந்த வசதியில்லை. 2008 இன் பொருளாதார வீழ்ச்சியில் விளம்பர வருவாய் சரிந்தது, வட்டியோ சரியவில்லை. செலவைக் குறைக்க வேண்டும். எச்செலவை? மின்சாரத்தைக் குறைத்தால் ஒலி நின்றுவிடும். கோபுரத்தைப் பாதியாக வெட்டுதல் இயலாது. குறைக்கத்தக்கது ஆளொன்றே. 2009 சனவரி 20 ஆந் திகதி, தன் ஊழியருள் நூற்றுக்கு ஒன்பதின்மர் அளவினரான 1,850 பேரைக் கொம்பனி ஒரே நாளில் விலக்கியது. விலக்கப்பட்டோருட் பலர் விளம்பரம் சேர்ப்போர் என்பதும் நோக்கத்தக்கது. வட்டி கட்டுதற்காக வருவாய் தேடுவோரையே நீக்குதல் விதை நெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.

வெறுமையான இருக்கையை நிரப்பியது குரற்பதிவு முறை. பாட்டுகளுக்கு இடையே பேசும் சிறு பேச்சுகளை மட்டும் ஓர் அறிவிப்பாளர் முன்கூட்டியே பதிந்து வைப்பார். கணிப்பொறி அவற்றைப் பாட்டுகளோடு கோத்துக்கொள்ளும். நான்கு மணி நேர நிகழ்ச்சி ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். எனவே ஒருவரே பல நகரங்களுக்கு ‘உள்ளூர்’ அறிவிப்பாளராகலாம். நட்டத்தில் மூழ்கும் சிற்றூர் நிலையத்தை மூடாது காப்பாற்றுவதும், தேர்ந்த குரலை அவ்வூரார்க்கு அளிப்பதும் இம்முறையே என அதனை ஆதரிப்போர் கூறுவர். இவ்வாதத்தை முழுதும் தள்ளிவிடல் நேர்மையன்று. ஆயினும் பதிந்து வைத்த குரல் கேள்விக்கு விடை கூறாது.

வட டக்கோட்டா மாகாணத்து மைனட் நகரில் 2002 சனவரி 18 இன் பின்னிரவில் நிகழ்ந்ததை இங்கே குறித்தல் தகும். புகையிரதமொன்றின் 31 பெட்டிகள் தடம் புரண்டன. ஐந்து தாங்கிகள் வெடித்து, நீரற்ற அமோனியா முகில்போல் ஊர்மீது படர்ந்தது. ஒருவர் இறந்தார், முந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஊறுபட்டனர். அந்நகரின் வணிக நிலையங்கள் ஆறும் கிளியர் சனலுக்கே உரியன. மக்களை எச்சரிக்கும் பொருட்டு அவ்விரவு நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்த காவற்றுறையினர்க்கு உரிய வேளையில் விடை கிடைத்திலது. அவசர அறிவிப்புப் பொறியைக் காவற்றுறையினர் செவ்வனே இயக்கவில்லை என்பது கொம்பனியின் மறுமொழி. இருதரப்பிலும் குறை இருந்திருக்கலாம். இந்நிகழ்ச்சி 2008 இன் பெருங்கடனுக்கு முற்பட்டது என்பதையும் மறத்தலாகாது; ஆட்சுருக்கம் கடனோடு பிறந்ததன்று, கடனால் வளர்ந்தது.

கிளியர் சனல் 2014 இல் ஐஹார்ட்மீடியா எனப் பெயர் மாறியது. 2018 மார்ச்சில், 2,000 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனோடு வங்குரோத்துப் பாதுகாப்பை வேண்டி நீதிமன்றஞ் சென்றது. நிலையங்களை நடத்தும் செலவுக்கு வருவாய் போதாமையால் அன்று, வட்டிக்கும் முதலுக்கும் போதாமையாலேயே இந்நிலை வந்தது. 2019 மேயில் கடன் 575 கோடியாகக் குறைந்து வெளிவந்தது. சுமை இறங்கியபின் ஆட்கள் திரும்பினரோ எனின், இல்லை; 2020 சனவரியில் நூற்றுக்கணக்கானோர் மீண்டும் விலக்கப்பட்டனர். கியூமுலஸ் 2017 இலும் ஓடசி 2024 இலும் இதே நீதிமன்ற வழியிற் சென்றன.

இதற்கிடையில் விதியும் மாறியது. ஒவ்வொரு நிலையமும் தான் அனுமதி பெற்ற ஊரிலோ அதன் அயலிலோ ஒலிபரப்புக் கூடமொன்றை ஆட்களோடு வைத்திருத்தல் வேண்டும் என்பது ஏறத்தாழ எண்பதாண்டு நிலைத்த விதி. 2017 ஒக்டோபரில் கூட்டாட்சித் தகவற்றொடர்பு ஆணைக்குழு அதனை நீக்கியது. ஊரவர் கட்டணமின்றி அழைக்கத்தக்க ஒரு தொலைபேசி எண் இருந்தாற் போதும் என அமைந்தது.