வறண்ட ஸ்டெப்பியில் ஈரநிலமும் தாவரப் பன்மையும்: கோர்கல்ஜின் பறவைகளை முன்வைத்து

முன்னுரை

வறண்ட புல்வெளியின் பறவை வளத்தைத் தீர்மானிப்பது நீரா, புல்லா என்னும் வினாவுக்கு இரண்டையும் தனித்தனியே நோக்கின் விடை கிட்டாது. இதனை வடகசகஸ்தானின் தெங்கிஸ்–கோர்கல்ஜின் ஏரித்தொகுதியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 1976இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2008இல் நௌர்சும் காப்பகத்துடன் 'சார்யார்க்கா' என்னும் பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

நீரும் உப்பும்

இது கடலைச் சென்றடையாத மூடிய வடிநிலம். பனி உருகும் பருவத்தில் நூரா ஆற்றில் பெருகும் நீர் ஏரிகளை நிரப்புகிறது; கோடையில் பெரும்பகுதி ஆவியாகிறது. ஆற்றுநீர் முதலில் சேரும் கோர்கல்ஜின் ஏரிகளில் உப்பு குறைவாதலின் நாணல் அடர்ந்து வளர்கிறது. டால்மேஷியக் கூழைக்கடாக்கள் அதனுள் கூடமைக்கின்றன. நீர் இறுதியாகச் சேரும் தெங்கிஸ் ஏரியோ மிகு உப்புடையது. உப்பைத் தாங்கும் சிறு நீருயிர்கள் அங்குப் பூநாரைகளுக்கு இரையாகின்றன. உலகில் பூநாரைகள் இனப்பெருக்கம் செய்யும் வடகோடி இடங்களுள் ஒன்றாகத் தெங்கிஸ் கருதப்படுகிறது. ஆகவே, ஒரே ஆற்றின் நீர் உப்பின் அளவுக்கேற்ப இருவேறு பறவைச் சமூகங்களைத் தோற்றுவிக்கிறது.

புல்லின் அமைப்பு

ஏரிகளைச் சூழ்ந்த நிலத்தில் இறகுப்புல், ஃபெஸ்க்யூ புல், ஆர்ட்டிமிசியா செடிகள் ஆகியன கலந்து வளர்கின்றன. தரையில் கூடமைக்கும் பறவைகளுக்குத் தாவர இனங்களின் எண்ணிக்கையினும் அவற்றின் உயரமும் அடர்த்தியுமே முதன்மையானவை. வெளிர் பூனைப்பருந்து உயர்ந்த புல்லிலும் புதரிலும் மறைவு தேடுகிறது. அழியும் தறுவாயிலுள்ள 'சோசியபிள் லாப்விங்' என்னும் ஆள்காட்டி இனமோ கால்நடைகள் மேய்ந்த குறும்புல்லையே நாடுகிறது. 1991க்குப்பின் கூட்டுப்பண்ணைகள் சிதைந்து கால்நடைகள் குறைந்தன. மேய்ச்சல் ஊர்ப்புறங்களில் சுருங்கியது. ஆள்காட்டியின் கூடுகளும் அங்கேயே செறிந்தன. அதனைக் காக்கும் மந்தையே அதன் முட்டைகளை மிதிக்கவும் நேர்கிறது.

இரண்டின் பிணைப்பு

டெமாய்செல் பெருங்கொக்கு புல்வெளியில் முட்டையிட்டாலும் எட்டும் தொலைவில் நீர்நிலை இருக்குமிடத்தையே தேர்கிறது. நீரும் புல்லும் அருகருகே அமைந்தாலன்றி அதன் வாழ்க்கைச் சுற்று நிறைவுறாது.

முடிவுரை

ஏரிக்கு மட்டும் வேலியிடுவது நீர்ப்பறவைகளைக் காக்கலாம். ஸ்டெப்பிப் பறவைகளைக் காக்காது. மேய்ச்சலை முற்றிலும் விலக்குவதும் குறும்புல் இனங்களுக்குக் கேடாகும். ஆற்றின் நீர்வரத்தையும் மேய்ச்சலின் பரவலையும் ஒருங்கே பேணுவதே தக்க வழி. இந்த ஆள்காட்டிகளும் பூனைப்பருந்துகளும் குளிர்காலத்தில் இந்தியப் புல்வெளிகளுக்கும் வருவதால், அங்கு நேரும் இழப்பு இங்கும் உணரப்படும்.