'சாயா புன்யா ரூமா': பழி யார்மேல்?

ஆண்டிறுதித் தேர்வு நெருங்குகிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கவலை: வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளையின் மலாய் இலக்கணம் கெடுகிறதாமே? அதிகாரிகள் இதைத் 'தாய்மொழித் தாக்கம்' என்பார்கள். எந்தப் பிழைமேலும் ஒட்டலாம். ஒட்டிவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தாக்கம் இல்லாமல் இல்லை. 'என் ஆசிரியரின் பெரிய வீடு' மலாயில் 'ரூமா பெசார் குரு சாயா'. வீடு, பெரிய, ஆசிரியர், என் என்று நாலு சொல்லும் தலைகீழ். தமிழில் யோசிக்கும் பிள்ளை கடைசிச் சொல்லை முதலில் எடுக்க வேண்டும். அவசரத்தில் 'பெசார் ரூமா' என்று எழுதினால் அது பெரும்பாலும் தமிழின் வேலை. ஆங்கிலமும் கூட்டுச் சேர்ந்திருக்கலாம்.

ஆனால் 'சாயா புன்யா ரூமா' வேறு கதை. பள்ளி கேட்பது 'ரூமா சாயா'. 'என்னுடைய வீடு' என்ற வரிசை அப்படியே தெரிவதால் பழி தமிழ்மேல் விழுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தத் தொடர் பிள்ளை கட்டியதல்ல, மளிகைக் கடையில் காதில் விழுந்தது. 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். இப்படிப்பட்ட தோட்டங்களைச் சுற்றித் தமிழ்ப் பாட்டாளிக்கும் சீனக் கடைக்காரருக்கும் கம்பத்து மலாய்க்காரருக்கும் பொதுவாக ஓடியது பசார் மலாய். அதில் உடையவர் முன்னே, 'புன்யா' நடுவே, பொருள் பின்னே. சீனர்களின் ஹொக்கியனிலும் இதே வரிசைதான். மூலம் அதுவே என்று சொல்லும் மொழியியலார் உண்டு. மலாய்க்காரர்களே பேச்சில் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பசார் மலாய் 'புன்யா'வை ஏற்கும், ஆனால் 'பெசார் ரூமா' என்று சொல்லாது. ஆக, 'பெசார் ரூமா' வீட்டிலிருந்து வந்தது, 'சாயா புன்யா ரூமா' கடையிலிருந்து. அதற்குத் தமிழ் ஒத்து ஊதியிருக்கலாம், அவ்வளவுதான். மருந்தும் வேறு. முதலாவதற்குச் சொற்களைத் திருப்பிப் போடும் பயிற்சி. இரண்டாவதற்கு, 'இது கடைக்கு, அது தேர்வுத் தாளுக்கு' என்று சொல்லித் தந்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் சுழித்தால் பிள்ளைக்கு எதுவும் விளங்காது.

தமிழ் நிஜமாகவே மலாயை வளைத்த இடம் இலங்கை. டச்சுக்காரர் காலம் முதல் அங்கே போய்க் குடியேறியவர்களின் மலாய், தமிழோடும் சிங்களத்தோடும் பல தலைமுறை புழங்கியதில் வினை வாக்கியக் கடைசிக்குப் போனது, பெயரோடு வேற்றுமை உருபுகள் ஒட்டின. 'புன்யா'கூட 'பே' என்று தேய்ந்து உருபாகிவிட்டது. தமிழா சிங்களமா, எதன் கை ஓங்கியது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

மற்ற கேள்விகள்:

'காமி', 'கீத்தா' குழப்பம்? 'நாங்கள்', 'நாம்' தெரிந்த பிள்ளைக்கு அது இலவசம்.

எண்ணிக்கையோடு வரும் 'செயேகோர்', 'செபுவா'? தமிழ் உதவாது, மனப்பாடம்தான்.

'துலிஸ்' ஏன் 'மெனுலிஸ்'? 'மென்' முன்னொட்டு வந்தால் 'த' விழுங்கப்படும். பின்னொட்டிலேயே பழகிய தமிழ்ப் பிள்ளை எழுதி எழுதித்தான் பிடிக்க வேண்டும்.

வீட்டிலும் மலாய்தான் பேச வேண்டுமா? நீங்கள் பேசும் மலாயில் எத்தனை 'புன்யா' என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.