நாளையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவராதீங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும் காக்களூர் தொழிற்பேட்டையை ஒட்டியும் வாடகைக்குக் குடியிருக்கும் இளம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாட்டி வீடு பக்கத்தில் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தில் சேர்த்த விதி, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அதைவிடச் சிறிய பட்டறைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கன்வாடியோ இரண்டாம் ஷிஃப்ட் முடியும் இரவு பத்து மணிவரை திறந்திருக்காது. ஆகவே தெருவில் யாராவது ஒரு பெண் தன் வீட்டிலேயே நான்கைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அந்த ஏற்பாடு வாய்ப்பேச்சில் தொடங்குகிறது. மனக்கசப்பு வந்தால் வாய்ப்பேச்சிலேயே, ஒரே இரவில் முடிந்தும் போகலாம்.

பிள்ளையை இனிப் பார்க்க முடியாது என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு வேண்டும். பணம் வராமல், நேரத்துக்கு அழைத்துப்போகாமல், ஏச்சும் கேட்டுக்கொண்டு யாரும் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆனால் எத்தனை நாள் அவகாசம் தந்து நிறுத்துவது என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரு பிள்ளை நின்றால் பார்ப்பவருக்கு ஒரு மாதக் கட்டணம் போகும். ஒப்பந்தத் தொழிலாளியான தாய்க்கோ மூன்று நாள் வராமல் போனால் வேலையே போகலாம். ஆகவே, இன்னொரு இடம் தேட அந்தத் தாய்க்கு எவ்வளவு நாள் பிடிக்குமோ அதுவே அவகாசத்தின் அளவு. ஒரு மாதம் நியாயம். எழுதும் விதிகளும் இங்குள்ளவர்களின் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்பது சட்டம். அப்படியிருக்க 1ஆம் தேதியே கட்டணம் கேட்டுவிட்டு, தாமதம் என்று கணக்கு வைப்பதில் பொருளில்லை. 10ஆம் தேதி என்று எழுதலாம். அழைத்துப்போகும் நேரத்தையும் ஷிஃப்ட் முடியும் நேரத்திலிருந்து கணக்கிடாமல், கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும் நேரத்திலிருந்து கணக்கிடலாம்.

தெரிந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு, அது நம்பிக்கையைக் கெடுக்குமே என்பார்கள். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுதி வாங்கிக்கொள்வதை யாரும் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்வதில்லையே. சட்டம் தெரியாத பெண்ணால் பத்திரம் தயாரிக்க முடியுமா என்பது இன்னும் கனமான கேள்வி. பத்திரம் வேண்டியதில்லை, ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தில் பத்து வரியும் இரு தரப்பின் கையெழுத்தும் போதும். ஆனால் அந்தப் பத்து வரி ஒருதலையாக இருக்கக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அளவுக்கு மீறிய முன்பணத்தையும், இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தையும், தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் முறித்துக்கொள்ள இடம்தரும் விதியையும் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாகச் சொல்கிறது. பெற்றோரிடம் ஒரு மாத முன்னறிவிப்பு கேட்பவர் தானும் ஒரு மாதம் தர வேண்டும்.

அவகாசமே தர முடியாத நிலைகளும் உண்டு: பெரியவர்கள் அடிக்கவோ மிரட்டவோ வந்தால், மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால். இவற்றை மட்டும் பெயர் சொல்லி எழுத வேண்டும். காய்ச்சல், அம்மை போன்றவை அந்தப் பட்டியலில் வரக் கூடாது. அவை சில நாள் வீட்டில் வைத்திருக்கச் சொல்லும் காரணங்கள்தான். இரண்டு வயதுப் பிள்ளை மற்றவரைக் கடிப்பதும் அந்தப் பட்டியலில் வரக் கூடாது. பெரும்பாலும் பேச்சு வந்ததும் அது குறையும். இப்படிப்பட்ட சிக்கல்களில் முதலில் பெற்றோரிடம் பேசிப் பார்க்க வேண்டும், பிறகு எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகே நாள் குறிக்க வேண்டும். குறித்த பின்னும் அந்தக் கடைசி நாட்களில் பிள்ளைக்குக் கவனிப்பு குறையக் கூடாது. மீதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, எந்த நேரத்தில் தூங்கும், எதைக் கொடுத்தால் ஒவ்வாது, எந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தும் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தாயிடம் கொடுக்கலாம். அடுத்துப் பார்த்துக்கொள்ளப்போகிறவருக்கு அது உதவும்.