வயதான கம்ப்யூட்டரும் வரிசையில் நிற்பவர்களும்

பெங்களூர் வாழ் தமிழர்களுக்குத் தீபாவளி, பொங்கல் என்றாலே முதல் கவலை ஊருக்குப் போக ரயில் டிக்கெட்தான். செல்போனில் பதிவு செய்யத் தெரியாத முதியவர்களும், கட்டட வேலைக்கு வந்தவர்களும் இன்னமும் ரிசர்வேஷன் கவுண்ட்டரையே நம்பியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் கம்ப்யூட்டரின் வயது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

பேரேட்டில் பெயர் எழுதி இடம் ஒதுக்கிய காலம் போய், 1985ல் டில்லியில் சோதனையாகக் கம்ப்யூட்டர் முன்பதிவு ஆரம்பமாயிற்று. சென்னை உள்பட 5 மையங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டது 1999 ஏப்ரலில்தான். 2025ல் நடைமுறையில் இருந்த ஏற்பாடு 2010ல் நிறுவப்பட்டது என்றும், 'இட்டானியம்' சர்வர்களில் ஓடுகிறது என்றும் அந்த ஆண்டு ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அந்த இட்டானியம் சில்லுகளை அனுப்புவதை இன்டெல் கம்பெனி 2021லேயே நிறுத்திவிட்டது!

இதோடு குமாஸ்தாக்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள்? மௌஸுக்கு இங்கே வேலையில்லை. விரல்தான் ஓட வேண்டும். ஊர்களின் குறியீடுகள் மனப்பாடம். கண்டோன்மென்ட் 'பி.என்.சி.', மதுரை 'எம்.டி.யூ.', திருச்சி 'டி.பி.ஜே.'. (வெள்ளைக்காரன் வைத்த 'ட்ரிச்சினாப்பொலி ஜங்ஷன்' இங்கே மட்டும் சாகவில்லை.)

பெயர் விஷயம் தனி. 15 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று படிவமே சொல்கிறது. நம் மீனாட்சிசுந்தரத்துக்கு ஆங்கிலத்தில் 17 எழுத்து! வால் வெட்டுப்பட்ட டிக்கெட்டைப் பார்த்து, "ஏம்பா, நடுவழியில் இறக்கிவிடுவார்களா?" என்று கலங்கும் பெரியவர்கள் உண்டு. எப்படிச் சுருக்குவது என்பதைப் பிரயாணியே எழுதித் தருவது நல்லது.

டிக்கெட் தாள்கள் எண் அச்சிட்டு வருபவை. ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பிரிண்டரில் தாள் சிக்கினால், படுக்கை பதிவாகியிருக்கும். கையில் டிக்கெட் இராது. தட்கல் நேரத்தில் இது நேர்ந்தால் அடுத்தவர் பாடு திண்டாட்டம். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. முதல் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே பழகிய குமாஸ்தா 10 மணிக்கு முன்பே ரிப்பனை மாற்றி, தாளை இழுத்துப் பார்த்துவிடுவார்.

புதிய ஏற்பாட்டில் நிமிடத்துக்குச் சுமார் 25,000 டிக்கெட் என்பது 1 லட்சத்துக்கு மேல் உயரும் என்று 2025ல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வேகம் முதலில் செல்போன்காரர்களுக்குத்தான். படிவத்தைப் படித்து, பணத்தை எண்ணி, சில்லறை கொடுக்கும் நேரம் எந்த சர்வர் வந்தாலும் குறையாது. போதாததற்குத் தட்கலுக்கு ஓ.டி.பி. கேட்கும் முறையும் படிப்படியாக வந்திருக்கிறது. செல்போன் இல்லாதவருக்காக யோசித்தவர்கள் யாரென்று தெரியவில்லை.

கவுண்ட்டருக்கு வருகிறவர்கள் ரயில் எண்ணோடு, அதில் இடம் இல்லையென்றால் வேறு எந்த ரயில் என்பதையும் படிவத்தின் மேலேயே எழுதிவிடலாம். சரியான சில்லறையும் இருந்தால், பின்னால் நிற்பவருக்கும் ஒரு படுக்கை கிடைக்கக்கூடும்.