காது நிர்ணயித்த வேகம்

சார்லி சாப்ளினின் பழைய படங்களைப் பார்க்கும்போது, அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோருமே விடுவிடுவென்று ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றும். உண்மையில் அவர்களும் நம்மைப் போலத்தான் நடந்தார்கள். படம் எடுத்த வேகம் ஒன்று, நமக்குக் காட்டப்படும் வேகம் வேறு.

மௌனப்படக் காலத்தில் கேமராவின் கைப்பிடியை ஒளிப்பதிவாளர் கையால் சுற்றினார். நொடிக்குச் சுமார் 16 முதல் 20 ஃபிரேம்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். சிரிப்புக் காட்சி என்றால் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள். திரையில் ஓட்டம் கூடிவிடும். தியேட்டரில் ஆபரேட்டரும் தன் கணக்குக்கு வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். கண் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அடுத்தடுத்த படங்களை இணைத்து மூளை அசைவாக்கிக்கொள்ளும்; வேகம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும்.

காது பொறுக்காது. வேகம் சற்றுக் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். பாட்டு கெட்டுப்போனது உடனே தெரிந்துவிடும். ஆகவே திரைப்படம் பேசத் தொடங்கியதும் வேகத்துக்குக் கடிவாளம் தேவைப்பட்டது. 1927 அக்டோபரில் நியூயார்க்கில் வெளியான ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தின் பாடல்களும் சில வசனங்களும் பெரிய இசைத்தட்டுகளில் இருந்தன. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற, பிலிம் 90 அடி ஓடியது. ஓர் அடி பிலிமில் 16 ஃபிரேம்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 1,440, நொடிக்கு 24. இன்றைய சினிமாவின் வேகமும் அதுதான்.

தட்டில் ஒரு தொல்லை இருந்தது. பிலிம் அறுந்து, சில ஃபிரேம்களை வெட்டி ஒட்டினால் உதடு ஓரிடம், குரல் ஓரிடம் ஆகிவிடும். எனவே ஒலியைப் பிலிமின் ஓரத்திலேயே பதித்தார்கள். விளக்கின் ஒளி அந்தத் தடத்தினூடே போகும்போது கூடிக் குறையும். ஒளிமின்கலம் அதை மின்னோட்டமாக்கும். ஒலிபெருக்கி அதைக் குரலாக்கும். இதிலும் ஒரு சிக்கல். படம் தெரிய ஒவ்வொரு ஃபிரேமும் லென்ஸின் முன் ஒரு கணம் நிற்க வேண்டும். ஒலிக்கோ பிலிம் நிற்காமல் ஓட வேண்டும். அதனால் ஒலியைப் படிக்கும் பகுதியைத் தள்ளி வைத்து, ஒரு ஃபிரேமுக்குரிய ஒலியைச் சுமார் 20 ஃபிரேம்கள் முன்னால் அச்சிட்டார்கள்.

படப்பிடிப்புத் தளமும் மாறியது. கேமராவின் இரைச்சலை அடக்க அதைக் கண்ணாடி வைத்த அறைக்குள் அடைத்தார்கள். சீறும் ஆர்க் விளக்குகளின் இடத்துக்குச் சத்தமில்லாத பல்புகள் வந்தன.

உடலாலேயே பேசிய சாப்ளின் இந்த மாற்றத்துக்கு எளிதில் இணங்கவில்லை. ‘சிட்டி லைட்ஸ்’ (1931) படத்துக்கு இசையமைத்தார், வசனம் சேர்க்கவில்லை. ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தில் அவர் குரல் முதன்முறையாகக் கேட்டது, எந்த மொழியிலும் சேராத சொற்களைப் பாடிக்கொண்டு. ‘தி கிரேட் டிக்டேட்டர்’ (1940) படத்தில்தான் முழுமையாகப் பேசினார்.

பிற்காலத்தில் மௌனப் படங்களை 24 வேகத்திலேயே ஓட்டியதால்தான் அந்தத் துள்ளல் நடை. அடுத்த முறை அப்படி ஒரு பிரதியை இணையத்தில் பார்க்க நேர்ந்தால், வேகத்தை 0.75-க்குக் குறைத்துப் பாருங்கள். அந்த நடிகர்களின் நிஜமான நிதானம் தெரியும்.