அரைக்கட்டை ஏறிய பாட்டு

1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரி ஓட்டிய இயந்திரங்களிலிருந்து, பங்காருபேட்டையைத் தாண்டியுள்ள கோலார் தங்கச்சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலை மெழுகுத்தட்டில் பதிந்தார் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க். அவருடைய கருவிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. மெல்லக் கீழிறங்கும் எடைக்கல்லே அந்தக் காலத்தில் பதிவுத்தட்டைச் சுழற்றியது. அதன் வேகத்துக்குப் பொது அளவு இல்லாததால்தான் அந்தக் காலப் பாடகர்களின் சுருதி இன்றும் நமக்குப் புதிராக இருக்கிறது.

இசைத்தட்டின் பள்ளத்தில் இருப்பவை வெறும் நெளிவுகள். நொடிக்கு எத்தனை நெளிவு ஊசியைக் கடக்கிறதோ அதுவே சுருதி. பழைய தட்டுகள் நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று வரை பல வேகங்களில் பதியப்பட்டன. 74 சுற்றில் பதிந்ததை 78-ல் ஓட்டினால் எல்லா அதிர்வும் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடும். பாட்டு ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். ஆனாலும் தோடி ராகம் தோடியாகவே இருக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே மடங்கில் உயர்வதால் ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள 2:3 விகிதம் குலைவதில்லை. கெடுவது வேறு: கமகம் அவசரப்படும், தாளம் ஓடும், தொண்டையும் வாயும் தரும் கனம் குறைந்து குரல் சிறுபிள்ளைத்தனமாகும்.

78 என்ற எண்ணே மின்சாரத்தோடு சேர்ந்துதான் நிலைபெற்றது. நொடிக்கு 60 சுழற்சி மின்சாரம் உள்ள நாடுகளில் நிமிடத்துக்கு 3600 சுற்றும் மோட்டாரைப் பல்சக்கரத்தால் 46-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 78.26 வரும். சிவனசமுத்திரத்து மின்சாரமோ அன்று 25 சுழற்சி. 50 சுழற்சிக்கென்று செய்த, மின்சாரத்தின் சுழற்சியோடு ஒத்து ஓடும் மோட்டார் அதில் ஓடினால் பாதி வேகம்தான் கிடைக்கும். பாட்டு ஒரு முழு ஸ்தாயி கீழே போய்விடும்!

சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வயலினும் மிருதங்கமும் சாட்சி சொல்லமாட்டா; அவை பாடகரின் சுருதிக்கே கூட்டப்படுபவை. ஆர்மோனியம் அப்படியல்ல. அதன் உலோக நாக்குகள் யாருக்காகவும் மாறா. நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா காலத்துத் தட்டுகளில் ஆர்மோனியத்தின் ஸ்வரம் அடுத்தடுத்த கறுப்பு, வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே விழுந்தால் வேகம் தவறு என்று சந்தேகிக்கலாம். சரியாக அரைக்கட்டை பிசகியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். அப்போது குரலின் இயல்பைக் காதால்தான் எடைபோட வேண்டும். கௌஹர் ஜான் தட்டின் முடிவில் தன் பெயரைப் பேச்சுக்குரலில் சொல்வது அதற்கு நல்ல உதவி.

1925-க்குப் பிறகு ஒலிவாங்கி வந்ததும் இன்னொரு சாட்சி கிடைத்தது. மின்கம்பியின் மெல்லிய ‘ஹம்’ சில பதிவுகளில் பாட்டின் அடியில் ஒட்டிக்கொண்டது. 50 சுழற்சி மின்சாரம் உள்ள ஊரில் பதிந்த தட்டில் அது 52 என்று காட்டினால், தட்டை ஏறத்தாழ நான்கு சதவீதம் மெதுவாக்க வேண்டும்.

கிட்டப்பா 1933-ல், 27 வயதில் மறைந்தார். அவருடைய உச்ச சுருதியை எட்டத் தொண்டையை வருத்தும் இளம் பாடகர்களுக்காகவாவது, பழைய தட்டைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் அதை எத்தனை சுற்றில் ஓட்டினார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலான பிரதிகளில் அந்த ஒரு வரி இல்லை.