வாடும் செடிக்கெல்லாம் தாகம் இல்லை!
வீட்டுத்தோட்டத்தில் தண்ணீர் அளவு... சில எளிய கணக்குகள்

‘செடியில இலையெல்லாம் மஞ்சளாகி உதிருது. என்ன உரம் போடலாம்?’ வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் இதற்கான பதில் உரக்கடையில் இல்லை. தண்ணீர்க் குழாயில்தான் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். இதுபோன்ற ஊர்களில் வீட்டைச் சுற்றி ஒரு தென்னை, நாலு வாழை, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, மல்லிகை என்று வைப்பது வழக்கம். அவற்றுக்குக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை குழாயைத் திறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. காய்ந்து சாகும் செடியைப் போலவே, ஈரத்தில் அழுகிச் சாகும் செடிகளும் உண்டு.

வேருக்கும் மூச்சு உண்டு

மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் பாதி நீரும் பாதி காற்றும் இருந்தால் வேர் நலமாக இருக்கும். தினமும் நீர் நின்றால் காற்றுக்கு இடமில்லை. மூச்சுத் திணறும் வேர், பக்கத்திலேயே நீர் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் போகிறது. செடி வாடுகிறது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிறோம். அழுகலை உண்டாக்கும் பூஞ்சணங்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. நீர் போதாத செடியின் இலை ஓரம் கருகி, தொட்டால் மொறமொறக்கும். நீர் கூடிய செடியில் அடி இலைகள் மஞ்சளாகித் துவளும். மேல்மண்ணை நம்ப வேண்டாம். விரலையோ குச்சியையோ 2 அங்குல ஆழம் செலுத்திப் பாருங்கள். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

வாளி சொல்லும் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரம் நீர் நின்றால், அது 1 லிட்டர். நம் பகுதியில் கோடையில் மண்ணும் செடியும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 6 மி.மீ. நீரை இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள பாத்திக்கு அது 36 லிட்டர். மார்கழியில் இதில் பாதி போதும்.

இப்போது உங்கள் குழாயைச் சோதியுங்கள். 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால், 20 நிமிடத்தில் விழுவது 300 லிட்டர். அதாவது, கோடையிலேயே எட்டு நாளுக்கான தண்ணீர்! மிஞ்சியது வேருக்குக் கீழே இறங்கும். போகும்போது நீங்கள் போட்ட தழைச்சத்தையும் கரைத்து எடுத்துச் செல்லும்.

மணற்பாங்கான மண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். களிமண்ணுக்கு நிறையக் கொடுத்து, நாள் இடைவெளி விட வேண்டும். உங்கள் மண்ணின் வடிகால் தெரிய, ஓர் அடி ஆழக் குழி எடுத்து நீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால், நீர்மட்டம் ஓர் அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேட்டுப்பாத்திதான் நல்லது.

செடிக்கு ஒரு குணம்

பப்பாளி: ஓரிரு நாள் நீர் தேங்கினாலே வேர் அழுகும். மண் அணைத்து மேடாக்குங்கள்.

முருங்கை: வேர் பிடித்த மரத்துக்கு அதிக நீர் கொடுத்தால் தழை கூடும், பூ கொட்டும்.

எலுமிச்சை: தண்டில் நீர் பட்டபடி இருந்தால் பிசின் வடியும் நோய் வரும். தண்டைச் சுற்றி ஒரு சிறு கரை, அதற்கு வெளியே நீர் நிற்க ஒரு வட்டம் என இரட்டை வட்டப்பாத்தி அமையுங்கள்.

மல்லிகை: நவம்பர் கடைசியில் கவாத்து செய்வதற்கு முன் நீரை நிறுத்த வேண்டும்.

வாழை: நீரை விரும்பும், தேக்கத்தை விரும்பாது.

மழைக்கு முன்னேற்பாடு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அதற்குமுன் வடிகால் வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள். தொட்டிகளின் அடித்துளை அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். தட்டுகளில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசு வளர்வது அங்கேதான். மூடாக்கு போட்ட பாத்தியில் ஈரம் நீடிக்கும் என்பதால், நீர் விடும் இடைவெளியைக் கூட்டுங்கள்.

பாதித்த செடியைக் காப்பாற்ற முதல் மருந்து, தண்ணீரை நிறுத்துவது. வேர்ப்பகுதி மண்ணை லேசாகக் கொத்திக் காற்றோட்டம் கொடுங்கள். வேரைப் பாருங்கள். வெளுத்து உறுதியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, நாற்றமடித்து, தோல் உரிந்துவந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். மட்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடலாம். புதுத் தளிர் வரும்வரை ரசாயன உரம் வேண்டாம்.

பக்கத்து உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 10-ம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என இரண்டு வாரியங்கள் இருந்ததைச் சொல்கின்றன. ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம். வீட்டுத்தோட்டத்தில் இரண்டு பொறுப்பும் குழாயைத் திறக்கும் ஒரே கையில்தான். திறப்பதற்குமுன் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தால், செடியும் பிழைக்கும்; கிணற்றிலும் நீர் மிஞ்சும்.